பெயர் அப்புறம் சொல்லப்படும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பேஸ்பால் ஆட்டத்தில் எமில் ஹ்ருஷ்காவுக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் தொப்பியைக் கழற்ற வேண்டும். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வாசலைப் பார்த்து நடக்க வேண்டும். அதைக் கண்டதும் மேல் அடுக்கில் உட்கார்ந்திருக்கும் வார்ப்பு ஆலைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து அவன் பின்னால் வர வேண்டும். டிவி கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போது வெறும் நாற்காலிகள் தெரிய வேண்டும். ஸ்டோக்கர்ஸ் அணியின் முதலாளி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.

முப்பது வருஷமாக உலையடியில் நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றலாம். ஆனால் எமிலுக்குக் காலையிலிருந்து ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. காரணம் மரிசோல் கின்யோனஸ் கேட்ட ஒரு கேள்வி.

மரிசோல் கிரைண்டிங் பிரிவில் இருப்பவள். வயது முப்பதுதான், வாய்க்கு மட்டும் அறுபது. அவளுடைய அப்பா போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து இதே ஆலையின் மண் தூசியைத் தின்று இருமி இருமிச் செத்தவர். யூனியன் கூட்டத்தில் எமில் இந்த வெளிநடப்புத் திட்டத்தைச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“பெருசு, ஒண்ணே ஒண்ணு. மைதானத்துல உக்காந்திருக்கிற நம்மாளுங்கள எழுப்பி வெளிய கூட்டிட்டு வர முடியலன்னா, செப்டம்பர்ல ஆலை கேட்டுக்கு வெளிய எப்படிக் கூட்டிட்டு வருவ?”

செப்டம்பரில் ஆலையின் சம்பள ஒப்பந்தம் முடிகிறது. யூனியன் பிரதிநிதி எமில்தான். வேலைநிறுத்தம் என்று வந்தால் அவன்தான் முதலில் கருவியைக் கீழே போட வேண்டும். மற்றவர்கள் போடுவார்களா என்பது அதற்கப்புறம்தான் தெரியும். மரிசோல் கேட்டதற்குக் கூட்டம் சிரித்தது. எமிலும் சிரித்தான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து பந்தாட்டம் பந்தாட்டமாக இல்லை. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடியும்போது ஃபோர்மேன்கூட அவன் தோளைத் தட்டிச் சிரித்து, ஞாயிற்றுக்கிழமை மேட்சை டிவியில் தவறாமல் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எமிலுக்கு நன்றாகவே புரிந்தது. அவனுக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் பிப்ரவரியிலிருந்தே குழப்பம்.

ஏரி உறைந்து கிடந்த பிப்ரவரியில் ஸ்டோக்கர்ஸ் நிர்வாகம் ரஃபி ஓல்மெடோவைக் கிழக்குக் கரையில் இருக்கிற பணக்கார அணி ஒன்றுக்குத் தள்ளிவிட்டது. ஓல்மெடோ இங்கேயே வளர்ந்த ஆட்டக்காரன். அவனுக்குப் பெரிய சம்பளம் கொடுக்க வேண்டிய வருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. பதிலுக்கு வந்தது மீசை முளைக்காத இரண்டு பேர். கூடவே மூன்றாவதாக ஒருவன். அவனைப் பற்றிய அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்: ‘பெயர் அப்புறம் சொல்லப்படும் ஆட்டக்காரர்.’

பேஸ்பாலில் அது பழைய வழக்கம்தான். இரண்டு கிளப்பும் கைகுலுக்கிக்கொள்ளும், சரக்கு என்ன என்பதைப் பிறகு பேசி முடிக்கும். வழக்கம் என்று தெரிந்திருந்தும் ஆலைக் கேண்டீனில் எமிலுக்கு ஆறவில்லை. லாரியைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வரப்போகிற வண்டிக்கு எத்தனை சக்கரம் என்பதை அப்புறம் சொல்கிறேன் என்றால் எந்த மடையனாவது சாவியைக் கொடுப்பானா என்று மேஜையைத் தட்டினான். கிரேன் ஓட்டுகிற ஓடெல் கெய்ன்ஸ் எதிரே உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே, ஒரு சக்கரமாகத்தான் இருக்கும், தள்ளுவண்டி என்றான்.

ஏப்ரலில் பெயர் வந்தது. வெண்டல் டிபோ. இருபத்தேழு வயது, ஒல்லி உடம்பு, மூன்று அணிகள் வேண்டாமென்று கழித்துவிட்ட பந்துவீச்சாளன். அவன் பெயரை யாரும் நாவில் வைத்துக்கொள்ளவில்லை. ஊரே அவனை ‘அப்புறம்’ என்றுதான் கூப்பிட்டது. அப்புறம் வீசுகிறான், அப்புறம் அடி வாங்குகிறான், அப்புறத்தை அப்புறப்படுத்துங்கள் என்று அட்டை எழுதிப் பிடித்தார்கள். அந்த அட்டைகளில் பாதி எமில் வீட்டு கராஜில் தயாரானவை.

சரி, முதலாளி கஞ்சன் என்று ஒரேயடியாகத் திட்டிவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஓல்மெடோவுக்குக் கொடுக்க முடியாது என்று கையை விரித்த அதே மாதம், முழங்கால் தேய்ந்துபோன ஒரு கிழட்டு மட்டையாளனுக்கு நான்கு வருஷ ஒப்பந்தம் போட்டு அள்ளிக் கொடுத்தார்கள். அவன் ஏப்ரலில் ஓடி, மே மாதத்தில் நொண்டி, இப்போது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை துப்பிக்கொண்டிருக்கிறான். அணி மட்டமாக ஆடுகிறது என்று சொல்லவும் முடியவில்லை. அதன் பிரிவில் உள்ள ஐந்து அணியில் மூன்றாவது. முதல் இடத்துக்கு எட்டாது, கடைசி இடத்துக்கும் போகாது. மட்டமென்றால் காறித் துப்பலாம், நல்லதென்றால் தோளில் தூக்கலாம். இந்த நடுவில் நிற்பதை என்ன செய்வது என்று எமிலுக்கு விளங்கவில்லை.

அணிக்கு ஜெனரல் மேனேஜர் ஒருவன் இருந்தான், கிரேசன் பெல் என்று. இஸ்திரி மடிப்புக் கலையாத ஆள். ரேடியோவில் வந்து, நாம் நடுத்தரமான சந்தை, நமக்கு நிதி நெகிழ்வு முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு வாரம் கழித்து ஆலை அலுவலகத்தில் முதல் சுற்றுப் பேச்சுவார்த்தை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆலை நிர்வாகி, நாம் நடுத்தரமான ஆலை, நமக்கு நெகிழ்வு வேண்டும் என்று ஆரம்பித்தார். எமில் ஒரு கணம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டு, “அப்ப ஓல்மெடோவை ஏன்யா அனுப்புனீங்க?” என்று கேட்டுவிட்டான். ஓடெல் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தான்.

வெளிநடப்பை ஏழாவது இன்னிங்ஸில் வைத்தது எமிலின் சொந்த மூளை. அந்த நேரத்தில் மைதானமே எழுந்து நின்று கை காலை நீட்டி நெளித்துப் பாட்டுப் பாடும், பேஸ்பாலில் எல்லா ஊரிலும் உள்ளதுதான். தனியாக எழுந்து நிற்கத்தான் மனுஷனுக்குக் கூச்சம். எல்லாரும் நிற்கும்போது உட்காராமல் நடப்பதற்கு அவ்வளவு தைரியம் தேவையில்லை. வேலைநிறுத்தத்தில் அடிபட்டுக் கற்ற பாடம் அது. முகத்தில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வரலாம் என்று சிலர் சொன்னதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தை மறைப்பவன் வெட்கப்பட வேண்டியவன், நாம் ஏன் மறைக்க வேண்டும் என்றான்.

இவ்வளவும் சரியாக யோசித்தவன், அன்றைக்குப் பந்து வீசப்போவது யார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. மேல் அடுக்குக்கு ஏறி வந்து பலகையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்புறம்.

“நல்லதாப் போச்சு. மூணாவதுலயே பத்து ரன் குடுத்துருவான். ஜனங்க தானா எழுந்து போயிரும். உனக்கு வேலையே இல்ல, பெருசு” என்றாள் மரிசோல். எமிலுக்கு வலது பக்கம் அவள். இடது பக்கம், வழக்கம் போல, மடியில் வேர்க்கடலைப் பையோடு ஓடெல். பின்னால் நாலைந்து வரிசைக்கு அச்சு வார்க்கிற பிரிவு, பராமரிப்புப் பிரிவு, பெயின்ட் அறை என்று எல்லாரும் வந்து நிறைந்தார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பாதிப் பேரின் சட்டை முதுகில் இன்னும் ஓல்மெடோவின் பெயர்.

முதல் இன்னிங்ஸில் எதிரணி மூன்று பேரும் வந்த வழியே போனார்கள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் ஒருவனுக்கு அப்புறம் நாலு பந்தைத் தள்ளித் தள்ளி வீசி, அவனைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்க விட்டான். மேல் அடுக்கு முழுக்க “அப்புறம், அப்புறம்” என்று ராகம் போட்டுக் கத்தியது. எமில்தான் எடுத்துக் கொடுத்தான். நடந்தவன் அங்கேயே நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். நான்காவதில் ஸ்டோக்கர்ஸ் இரண்டு ரன் எடுத்தார்கள். எமில் அதை ஒரு தொந்தரவாகத்தான் பார்த்தான். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது வெளிநடப்பு செய்தால் பார்க்கிறவனுக்கு என்ன விளங்கும்?

ஐந்தாவதில் ஓடெல் கடலை மெல்லுவதை நிறுத்தினான்.

எமில் திரும்பிப் பார்த்தான். ஓடெல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடலைப் பையின் வாயை மெதுவாக மடித்து, மடியில் எங்கே இருந்ததோ அதே இடத்தில் வைத்தான். எமிலும் பலகையைப் பார்த்தான். எதிரணியின் வரிசையில் ரன் பூஜ்யம். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், அடித்த அடிகள், அதுவும் பூஜ்யம்.

குறுக்கே போட்டிருந்த காலை அவன் அப்படியே வைத்துக்கொண்டான்.

ஒன்பது இன்னிங்ஸும் எதிரணிக்கு ஒரு சுத்தமான அடிகூடக் கொடுக்காமல் வீசி முடிப்பது என்று ஒன்று உண்டு. மட்டையால் அடித்துப் பேஸைப் பிடித்தால்தான் அது அடி, சும்மா நடந்து போனது அதில் சேராது. மைதானத்துக்கே வந்து கிடந்தாலும் பலருக்கு ஆயுளில் ஒருமுறைகூடப் பார்க்கக் கிடைக்காது. அதற்கு ஒரு பெயரும் உண்டு. ஆனால் நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் உடைந்துவிடும். சொல்லாதது மட்டும் போதாது, எப்படி உட்கார்ந்திருந்தோமோ அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். இடம் மாறக் கூடாது, குறுக்குக் காலைப் பிரிக்கக் கூடாது. குருட்டு நம்பிக்கை என்று வீட்டில் உட்கார்ந்து சொல்லலாம். கீழே ஆட்டக்காரர்களின் பெஞ்சைப் பார்த்தால் போதும். டிபோ ஒரு கோடியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி ஆறு ஆள் உட்காருகிற இடம் காலி. கூட ஆடுகிறவன் ஒருவனும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மேல் அடுக்கில் ராகம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆறாவதில் மரிசோல் பீர் வாங்கப் போக எழுந்தாள். ஓடெல் எமிலுக்குக் குறுக்கே கையை நீட்டி அவள் சட்டையைப் பிடித்தான்.

“எங்க போற?”

“தாகமா இருக்கு.”

“இருக்கட்டும்.”

அவள் வாயைத் திறந்தாள். பலகையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குத்தானே சொல்வது போல, “நீயும் நாலாவதுல இருந்து தொடைய இறுக்கிக்கிட்டுத்தான் உக்காந்திருக்க” என்றாள். ஓடெல் மூத்திரப்பை தொந்தரவு உள்ள மனுஷன். வழக்கமாக ஒரு மேட்சுக்கு நாலு தடவை போய்வருவான்.

எமில் கணக்குப் போட்டுப் பார்த்தான், கணக்கு எந்தப் பக்கமும் கூடி வரவில்லை. இவன்தான் ஓல்மெடோவுக்குப் பதிலாக வந்தவன். இவன் இன்றைக்கு இதைச் செய்து முடித்தால், கிரேசன் பெல் நாளைக்கு ரேடியோவில் வந்து பார்த்தீர்களா என்பான். செய்ய விடக் கூடாது. ஆனால் அந்த ஒல்லிப்பயல் என்ன பாவம் செய்தான்? இரண்டு கிளப்புக்காரன் கைகுலுக்கிய மேஜையில் பெயரில்லாமல் கிடந்தவன். ஆலையில் இப்போது ஏஜென்சி மூலம் வருகிற வாடகை ஆட்களுக்கும் சட்டையில் பெயர் கிடையாது, நம்பர்தான். அவர்களை எமில் ஒருநாளும் கிண்டல் செய்ததில்லை. இவனை மட்டும் நாலு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறான். அதற்காக இப்போது வருத்தப்படுவதா, அல்லது வருத்தப்படுவதையும் ஏழாவதுக்கு அப்புறம் வைத்துக்கொள்வதா?

ஏழாவதின் முதல் பாதி முடிந்தது. கடைசி மட்டையாளன் அடித்த பந்து உயரப் போய் ஏரிக்காற்றில் தள்ளாடிக் கீழே வந்து ஸ்டோக்கர்ஸ் கையுறைக்குள் விழுந்தது. ஏழு இன்னிங்ஸ். பூஜ்யம்.

ஆர்கன் வாசிக்க ஆரம்பித்தது. மைதானம் எழுந்தது. எமிலும் எழுந்தான்.

கை தொப்பியின் விளிம்புக்குப் போனது. போன இடத்திலேயே நின்றது. இடது பக்கம் பார்த்தான். ஓடெல் தூரத்துக் கொடிக்கம்பத்தை அதைப் புதிதாக நட்டது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது பக்கம் மரிசோல் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த நாடாவைத்தான். பின்னால் அச்சுப் பிரிவு, வாழ்க்கையில் அந்தப் பாட்டை முழுசாகப் பாடியறியாத கூட்டம், அன்று ஒரு வரி விடாமல் பாடியது. ஒரு கண்கூட அவனைப் பார்க்கவில்லை.

வருகிறீர்களா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எவனாவது பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் அந்தப் பெயர். ஆகவே கேட்க முடியாது. அவர்கள் கிளம்பி வராதது கீழே நடந்துகொண்டிருக்கிற அதற்காகவா, இல்லை எமில் கூப்பிட்டால் போக வேண்டியதில்லை என்பதற்காகவா? முதலாவது என்றால் கவலையில்லை. இரண்டாவது என்றால் செப்டம்பரில் கேட்டுக்கு வெளியே அவன் மட்டும் தொப்பியும் கையுமாக நிற்பான். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது.

பாட்டு முடிந்தபோது எமில் உட்கார்ந்திருந்தான். எப்போது உட்கார்ந்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

“முட்டி பிடிச்சுக்கிச்சுப்பா. கொஞ்சம் உக்காந்து பாக்கலாம்” என்றான் ஓடெல், யாரும் கேட்காமலே. பின்வரிசையிலிருந்து ஒருவன், வண்டியை ரொம்ப உள்ளே தள்ளி நிறுத்திவிட்டதாகவும் இப்போது போனால் எடுக்க முடியாதென்றும் சொன்னான். இன்னொருவன் தன் மகளுக்கு இன்னும் ஐஸ்கிரீம் மிச்சமிருக்கிறது என்றான். அந்தப் பெண்ணின் கையில் வெறும் குச்சிதான் இருந்தது. மரிசோல் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எமிலை அதிகமாகக் குத்தியது. ஃபோர்மேன் இந்நேரம் வீட்டு சோபாவில் சாய்ந்து நிறைந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஸ்டோக்கர்ஸின் பாதியை யாரும் பார்க்கவில்லை. மூன்று பேர் வந்தார்கள், போனார்கள். கூட்டம் அடுத்த பாதிக்காகக் காத்திருந்தது. எட்டாவது. அப்புறம் ஒன்பதாவது. ஆறே ஆறு பேரைத் திருப்பி அனுப்பினால் போதும்.

வெளிப்பக்கச் சுவரின் கதவு திறந்தது.

உள்ளேயிருந்து வேறொரு பந்துவீச்சாளன் மெதுவாக ஓடி வந்தான். முதலில் யாருக்கும் புரியவில்லை. யாரோ மைதானத்து ஊழியன் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள். அவன் நேராக வீசும் மேட்டுக்குப் போய் மண்ணைக் காலால் சரிசெய்தான். பெஞ்சின் கோடியில் டிபோ துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.

எடுத்துவிட்டார்கள். கை நன்றாக இருக்கிறது, அடி இல்லை, இரண்டு ரன் முன்னிலை. இருந்தும் எடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பந்துக்கு மேல் வீசக் கூடாது என்று மேலே எவனோ கம்ப்யூட்டரில் வரம்பு போட்டிருப்பான். டிபோவின் கை இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கிளப்பின் சொத்து. மலிவான சொத்து. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு விற்க வேண்டும். எமிலின் கால் தானாக எழுந்தது.

அந்த நேரத்தில் மைதானம் முழுக்க எழுந்திருந்தது. இருபதாயிரம் தொண்டை ‘ஊ’ என்று ஒரே எழுத்தை ஊளையிட்டது. சிலர் டிபோவுக்காகக் கைதட்டினார்கள். அதற்குள் எமில் படியில் இருந்தான். ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. வாசலைத் தாண்டி, கடுகு சாஸும் வெங்காயமும் நாறுகிற நடைகூடத்தில் வந்து நின்றபோதுதான் பின்னால் கால்களின் சத்தம் கேட்டது. ஆலை பூட்ஸுகளின் சத்தம், அவனுக்குப் பழகிய சத்தம். ஓடெல் வந்தான், நேராகக் கழிப்பறைக்கு ஓடினான். மரிசோல் வந்தாள். அச்சுப் பிரிவு வந்தது. ஐஸ்கிரீம் குச்சியோடு அந்தப் பெண்ணும் வந்தாள்.

ஆனால் அதைப் பார்த்தவர் யார்? இருபதாயிரம் பேர் எழுந்து நிற்கும்போது நாலைந்து வரிசை காலியானது எந்தக் கேமராவில் தெரியும்?

வண்டிகள் நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். யாரும் வண்டியைக் கிளப்பவில்லை. எமிலின் பழைய பிக்கப்பைச் சுற்றி நின்றார்கள். எவனோ ஜன்னல் வழியாகக் கையை விட்டு ரேடியோவைப் போட்டான். வெளிநடப்பு செய்துவிட்டு வாசலில் நின்று ரேடியோ கேட்பது வெளிநடப்பில் சேருமா என்று எமில் யோசித்தான். யாரிடமும் கேட்கவில்லை.

புதிதாக வந்தவனும் எட்டாவதில் அடி கொடுக்கவில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வீசி முடித்தாலும் அது கணக்கில் வரும். ஆனால் அது அதுதானா என்று அச்சுப் பிரிவில் இரண்டு பேர் தகராறு செய்தார்கள், பெயரைச் சொல்லாமலே. ஒருவன், தாலி ஒருவன் கட்டிப் பிள்ளை இன்னொருவன் பெற்ற மாதிரி என்றான். ரேடியோவில் வர்ணனை செய்கிற கிழவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்று நடந்துகொண்டிருப்பது என்னவென்று பலகையைப் பார்த்தால் தெரியும் என்றார்.

“ரேடியோவுல எங்கய்யா பலகை?” என்றாள் மரிசோல்.

ஒன்பதாவது. ஒருவன் போனான். இரண்டாவது ஆளும் போனான். இன்னும் ஒருவன்தான். வர்ணனைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பந்துவீச்சாளன் காலை உயர்த்துகிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மைதானத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

ரேடியோ எப்போதும் சில நொடி பிந்தித்தான் வரும். உள்ளே நடந்து முடிந்துவிட்டது. வெளியே இன்னும் நடக்கவில்லை. அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி, கான்கிரீட்டில் மோதி, அவர்கள் தலைக்கு மேலே போனது. அது சந்தோஷமா ஓலமா என்று யாருக்கும் பிடிபடவில்லை. எல்லாரும் எமில் முகத்தைப் பார்த்தார்கள். அந்தச் சில நொடியில் தான் எதை விரும்புகிறோம் என்று எமில் தேடிப் பார்த்தான். நடந்து முடிந்திருந்தால், ஆயுளுக்கு ஒருமுறை வருவதை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்கிற முட்டாள்கள் அவர்கள். உடைந்திருந்தால், எழுந்து வந்து உடைத்த பாவிகள் அவர்கள். தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

மட்டையின் நுனியில் பட்டு, வலது பக்கம் இரண்டு பேருக்கு நடுவில் மெத்தென்று விழுந்தது, அடிதான் என்றார் கிழவர்.

உள்ளே மறுபடி ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து ரேடியோவும் அதையே சொன்னது. அடுத்தவன் அவுட். ஆட்டம் முடிந்தது. ஸ்டோக்கர்ஸுக்கு வெற்றி. தூரத்தில் ஒரு வண்டி சந்தோஷமாக ஹாரன் அடித்துவிட்டு, துணைக்கு யாரும் அடிக்காததால் நிறுத்திக்கொண்டது.

“ஜெயிச்சுட்டமா?” என்று ஐஸ்கிரீம் குச்சிச் சிறுமி கேட்டாள். அவள் அப்பன் தலையைத் தடவிக் கொடுத்தான்.

ஓடெல் பிக்கப்பின் பின்பக்கம் சாய்ந்து, மடியிலிருந்து கையோடு கொண்டுவந்த கடலைப் பையைப் பிரித்தான். “எழுந்திருக்கக் கூடாதுடா எமில். அப்பவே நெனச்சேன். நாலாவதுல இருந்து அடக்கிட்டு உக்காந்திருந்தது எல்லாம் வீணாப்போச்சு” என்றான். கோபமாகச் சொன்னானா கிண்டலாகச் சொன்னானா என்பது அவன் மெல்லுகிற தாடையில் தெரியவில்லை. பின்னால் நின்ற இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

இனி அந்தப் பெயரைச் சொல்லலாம். உடைந்ததற்கு அப்புறம் தடையில்லை. ஆகவே எமில் அதுவரை கேட்க முடியாததைக் கேட்டான். யாரைப் பார்த்தும் கேட்காமல், பிக்கப்பின் தகரத்தைப் பார்த்துக் கேட்டான்.

“ஏழாவதுல ஏன் ஒருத்தரும் கெளம்பல?”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரிசோல்தான் சொன்னாள்.

“நீ எங்க தொப்பியக் கழட்டுன? கைய மேல கொண்டுபோன. கழட்டப்போறன்னு பாத்தோம். தலையச் சொறிஞ்ச. உக்காந்துட்ட. சரி, பெருசே உக்காந்துட்டாருன்னு நாங்களும் உக்காந்தோம்.”

“நீ ஷூ நாடா கட்டிட்டு இருந்தியே.”

“குனிஞ்சா கண்ணு போயிருமா?”

எமில் நினைவைத் துழாவினான். யார் முதலில் உட்கார்ந்தது? ஓடெல்தான் என்று தோன்றியது. பின்வரிசை என்றும் தோன்றியது. அவன் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எட்டாவதுலயும் நான் தொப்பியக் கழட்டலயே” என்றான்.

“கழட்டல.”

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

மரிசோல் யோசித்தாள். அவள் யோசித்து அவன் பார்த்ததில்லை.

“நீ எழுந்த, நாங்க எழுந்தோம். அது தெரிஞ்சுபோச்சு, பெருசு. எதுக்கு எழுந்தோம்னுதான் தெரியல. ஓல்மெடோவுக்கா, அந்தப் பயலுக்கா, இல்ல நம்ம ஒப்பந்தத்துக்கா? திங்கக்கிழமை யாராச்சும் கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லிட்டுப் போ.”

சுற்றி நின்றவர்கள் அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். வாசல்களிலிருந்து கூட்டம் வெளியே வரத் தொடங்கியது. சிலர் சிரித்துக்கொண்டும் சிலர் தலையில் அடித்துக்கொண்டும் வந்தார்கள். எமில் தலைக்குக் கையைக் கொண்டுபோனான். தொப்பி காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைக் கழற்றி, உள்பக்கத்து வியர்வையைச் சட்டையில் துடைத்தான். நிமிர்ந்து பார்த்தபோது மொத்தக் கூட்டமும் அவரவர் வண்டியைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தது.

“இல்ல, இது அதுக்கு இல்ல” என்றான் எமில்.

யார் காதிலும் விழவில்லை.